மேர, மேரை, மேரா

1

போன வாரம் மலாய்ப் பரீட்சையில் தோற்றுப்போனேன். ஐம்பத்தைந்து வயதில் உனக்கு என்ன பரீட்சை என்று ஊரில் இருக்கும் நீங்கள் கேட்பீர்கள். சொல்கிறேன்.

இந்த நாட்டில் குடிமக்களுக்கு நீல நிற அடையாள அட்டை. நிரந்தரமாகத் தங்கலாம், ஆனால் குடிமக்கள் இல்லை என்கிறவர்களுக்குச் சிவப்பு. நான் ஈப்போவுக்கு வந்து முப்பத்தைந்து வருஷம் ஆகிறது. வீட்டுக்காரர் தண்ணீர்க் குழாய் இலாகாவில் வேலை பார்த்து, ஓய்வு பெற்று, போயும் சேர்ந்துவிட்டார். மகள் மாலதி இங்கேயே பிறந்தவள், அவள் நீலம். நான் மட்டும் இன்னும் சிவப்பு. நீலம் வேண்டுமானால் ஓர் அதிகாரியின் எதிரில் உட்கார்ந்து, அவர் கேட்கிற சின்னச் சின்னக் கேள்விகளுக்கு மலாயில் பதில் சொல்ல வேண்டும். பெயர் என்ன, எத்தனை பிள்ளைகள், இன்று என்ன கிழமை, இது என்ன நிறம். அவ்வளவுதான் பரீட்சை.

எனக்கு மலாய் தெரியாதா? பாசாரில் மீன்காரனோடு இத்தனை வருஷமும் மலாயில்தான் சண்டை போட்டிருக்கிறேன். ஒரு தடவைகூடத் தோற்றதில்லை. செத்த மீனின் கண்ணைக் காட்டி நான் பேசுகிற மலாயைக் கேட்டால் அந்த அதிகாரியே எழுந்து நின்றிருப்பார்.

ஆனால் அதிகாரி நல்லவராகப் போய்விட்டார். அங்கேதான் வினை. மலாய்க்காரர், முப்பது முப்பத்தைந்து வயது இருக்கும். ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்தவராம். உள்ளே நுழைந்ததுமே, "வாங்கம்மா, சாப்டாச்சா?" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "ஆச்சுங்க" என்றேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு கேள்வியையும் முதலில் மலாயில் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், பாவம் இந்த அம்மாவுக்குப் புரியவில்லையோ என்று நினைத்து அதையே தமிழிலும் கேட்டார். கடைசியாகக் காதில் விழுந்தது தமிழ். நானும் தமிழிலேயே பதில் சொன்னேன். பத்துக் கேள்விக்குப் பத்துப் பதில், அத்தனையும் சுத்தத் தமிழ்.

கடைசியில் என் அடையாள அட்டையையே தூக்கிக் காட்டி, "இனி வார்னா அப்பா?" என்று கேட்டார். இது என்ன நிறம் என்று அர்த்தம். உடனே தமிழிலும், "இது என்னா கலரும்மா?"

"செவப்புங்க."

அவர் பேனாவை மேசைமேல் வைத்துவிட்டார். "அம்மா, மலாய்ல சொல்லணும்மா." இதையும் தமிழில்தான் சொன்னார்.

"சரிங்க, சொல்றேன்" என்றேன் நான். இதுவும் தமிழ்.

அவர் பெருமூச்சு விட்டு, காகிதத்தில் ஒரு வரி எழுதி, ஆறு மாதம் கழித்து வரச் சொன்னார். வெளியே காத்திருந்த மாலதி விஷயத்தைக் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டாள். "மேரா! ஒரு வார்த்தமா! மேரான்னு சொல்றதுக்கு என்னா?" என்று கார் நிறுத்துமிடம் வரைக்கும் கத்திக்கொண்டே வந்தாள். அவள் கோபத்தில் மட்டும்தான் என்னிடம் நாலு வார்த்தை தமிழில் பேசுவாள். மற்ற நேரமெல்லாம் இங்கிலீஷ்.

அவள் கோபம் நியாயம். நீல அட்டை கிடைத்தால்தான் இந்த நாட்டுப் பாஸ்போர்ட். பாஸ்போர்ட் இருந்தால்தான் நான் ஊருக்குப் போய் என் தங்கையைப் பார்க்க முடியும். தங்கை தனத்துக்குச் சர்க்கரை வியாதி, இரண்டு கண்ணிலும் புரை விழுந்து மங்கிக்கொண்டே வருகிறது. திருப்பதியில் டாக்டர் ஆபரேஷனுக்கு நாள் குறிக்கத் தயார். இவள்தான் பிடிவாதமாக உட்கார்ந்திருக்கிறாள். போன கடிதத்தில் எழுதியிருந்தாள்: "அக்கா, கட்டு அவுக்கிறப்ப மொதல்ல உன் மூஞ்சியத்தான் பாக்கணும். நீ வந்துடு, அப்பால பண்ணிக்கிறேன்."

அந்தக் கடிதத்துக்கு இன்னும் பதில் எழுதவில்லை. ஆறு மாதம் என்று எப்படி எழுதுவது?

2

மேரா என்ற சொல் எனக்குத் தெரியாமல் இல்லை. இங்கே கப்பலில் வந்து இறங்கிய முதல் வாரமே காதில் விழுந்த சொல் அது. மிளகாய் மேரா, சாலை விளக்கு மேரா, என் அட்டை மேரா. முதல் முறை கேட்டபோது கையில் இருந்த கூடையைக் கீழே வைத்துவிட்டு நின்றேன். எங்கள் பக்கத்துச் சொல் ஒன்று எனக்கு முன்னால் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறதே என்று.

நகரியிலிருந்து விஜயபுரம் போகிற வழியில் எங்கள் ஊர். வீட்டில் தமிழ், சந்தையில் பாதிக்குப் பாதி, சர்க்கார் ஆட்களிடம் தெலுங்கு. தெலுங்கில் ஊர் எல்லைக்குப் பொலிமேர என்று பெயர். நாங்கள் அதைச் சுருக்கி 'மேர' என்போம். மேரக்கு அந்தப் பக்கம், மேரக்கு இந்தப் பக்கம் என்றுதான் வழி சொல்லுவோம்.

அதே ஊரில் களத்தில் இன்னொரு மேரை இருந்தது. நெல்லை அடித்துத் தூற்றிக் குவித்ததும், வயல்காரர் தனக்கென்று ஒரு மரக்கால்கூட அளக்கும் முன்னால், ஊருக்கு உழைத்தவர்களுக்காகக் குவியலிலிருந்து எடுத்து வைப்பார். தச்சருக்கு, வண்ணாருக்கு, ஏரித் தண்ணீரை வயலுக்கு வயல் திருப்பிவிடும் நீர்க்கட்டிக்கு. அதன் பெயர் மேரை. எடுத்து வைக்காமல் மூட்டை கட்டுகிறவன் வீட்டில் பெண் கொடுக்க யோசிப்பார்கள்.

ஈப்போவில் எங்கள் பக்கத்து வீடு பஞ்சாபிக்காரர்கள். அந்த வீட்டுக் குழந்தைகள் பந்துக்குச் சண்டை போட்டால் "மேரா, மேரா" என்று வீடே அதிரும். 'என்னுடையது' என்று அர்த்தமாம். இந்திக்காரர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆக, என் வீட்டுச் சமையலறை ஜன்னலில் நின்றால் ஒரு பக்கம் மேரா என்றால் சிவப்பு, இன்னொரு பக்கம் மேரா என்றால் என்னுடையது, என் தலைக்குள்ளே மேர என்றால் எல்லை, மேரை என்றால் உழைத்தவன் பங்கு.

இவற்றில் எது எதற்கு உறவு என்று கண்டுபிடிக்காமல் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. தமிழ்ப் பள்ளி நூலகத்துக்குப் போய் அகராதிகளை இறக்கிப் புரட்டினேன். மலாய்ச் சொல் அதன் பாட்டில் அவர்கள் வீட்டுச் சொல். எங்கள் யாருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பஞ்சாபிச் சொல்லும் அப்படித்தான், வேறு வழியில் வந்தது. ஒரே தெருவில் நாலு கிருஷ்ணவேணி இருந்தால் நாலு பேரும் அக்கா தங்கை ஆகிவிடுவார்களா? என் பெயரும் கிருஷ்ணவேணிதான், அதனால் எனக்குத் தெரியும்.

ஆனால் எங்கள் மேரையைப் பற்றி அகராதியில் எழுதியிருந்தது என்னைப் பிடித்து உட்கார வைத்துவிட்டது. மேரை: எல்லை, ஒழுங்கு, களத்தில் கொடுக்கும் பங்கு. தெலுங்கிலிருந்து வந்தது. இன்னொரு புத்தகத்தில், அந்தத் தெலுங்குச் சொல்லுக்கும் 'மரியாதை' என்ற சொல்லுக்கும் வேர் ஒன்றாக இருக்கலாம் என்று ஒருவர் ஊகித்திருந்தார். வடமொழியில் மரியாதை என்றால் முதலில் எல்லை என்றுதான் அர்த்தமாம். இதுவரை வரலாம், இதற்கு மேல் கூடாது என்கிற கோடு. அப்புறம்தான் அது ஒருவருக்கொருவர் காட்டுகிற மரியாதை ஆனதாம். ஊகம்தான், நிச்சயம் என்று அவரும் சொல்லவில்லை. எனக்கு அது போதும். எங்கள் வீட்டில் எல்லையும் மரியாதையும் எப்படி ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன என்பது எனக்குத்தானே தெரியும்.

3

எங்கள் பக்கத்தில் அப்பாவை நைனா என்போம். பிள்ளை வயதில் இருக்கிற ஆண்களையும் பிரியமாக நைனா என்று கூப்பிடுவோம். என் நைனாவுக்கு ஏரிக்குக் கீழே கொஞ்சம் நெல் நிலம், மேட்டில் வேர்க்கடலை. படிப்பு இல்லை. ஆனால் ஒரு விஷயத்தில் அவர் ராஜா வீட்டுப் பிள்ளை மாதிரி: யார் எந்த மொழியில் கேட்டாலும் அந்த மொழியில்தான் பதில் சொல்லுவார். தெலுங்கில் கேட்டால் தெலுங்கு. சித்தூர்ச் சந்தைக்கு வரும் கன்னட வியாபாரியிடம் தெரிந்த நாலு கன்னட வார்த்தை. ஒரு நாள் நான், "அவங்களுக்கும் தமிழ் தெரியுமே, நாம ஏன் மாறணும்?" என்று கேட்டுவிட்டேன்.

"அவர் கேட்டுக்கினு நிக்கிறாரு. அவர் பாஷயில சொன்னா அவருக்கு லேசா இருக்கும். அது மருவாதி, வேணி" என்றார். அவ்வளவுதான் அவர் சாஸ்திரம். எங்கள் ஊரே அப்படித்தான். தமிழ் பேசுகிற குடும்பங்கள்தான் அதிகம், ஆனால் வெளியாள் வந்து தெலுங்கில் பேச்சு எடுத்தால் ஊரே தெலுங்காக மாறிவிடும்.

ஆந்திரா தனி ராஜ்யம் ஆகி, எல்லை எங்கே என்கிற பேச்சு ஓய்ந்து ஓய்ந்து கிளம்பிக்கொண்டிருந்த காலம். திருத்தணி யாருக்கு, புத்தூர் யாருக்கு, நகரி யாருக்கு என்று டீக்கடையில் தினம் ஒரு தீர்ப்பு எழுதுவார்கள். அந்தச் சமயத்தில் ஒரு நாள் காலையில் கக்கத்தில் நோட்டுப் புத்தகத்தோடு சர்க்கார் கணக்கெடுப்புக்காரர் ஒருவர் எங்கள் ஊருக்கு வந்தார். எங்கள் வீடுதான் முதல் வீடு. எனக்குப் பதினாறு வயது இருக்கும். நைனா கட்டிலை எடுத்துப் போட்டு உட்கார வைத்தார். நான் மோர் கொண்டுவந்து வைத்தேன்.

அவர் தெலுங்கில் ஆரம்பித்தார். "இன்ட்லோ எந்தமந்தி உன்னாரண்டி?" வீட்டில் எத்தனை பேர்?

"அய்துகுரமண்டி" என்றார் நைனா, மார்பை நிமிர்த்திக்கொண்டு. ஐந்து பேர். பிறகு நிலம் எவ்வளவு, மாடு எத்தனை, பிள்ளைகள் படிக்கிறார்களா என்று அவர் கேட்கக் கேட்க, நைனா சரளமாகத் தெலுங்கில் சொல்லிக்கொண்டே போனார். வீட்டில் என்ன மொழி என்று அவர் கேட்கவே இல்லை. கேட்பானேன்? எதிரில் ஒருவர் இவ்வளவு அழகாகத் தெலுங்கு பேசும்போது?

எனக்கு அப்போது தெலுங்கு எழுத்தும் வாசிக்கத் தெரியும். மோர்ச் சொம்பை எடுக்கக் குனிந்தபோது நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தேன். மொழி என்ற கட்டத்தில் 'தெலுகு' என்று எழுதியிருந்தார். நான் நைனாவைச் சமையலறை வாசலுக்குக் கூப்பிட்டேன்.

"நைனா, பாஷன்ற எடத்துல தெலுகுன்னு எழுதிட்டாரு. நாம தமிழ்தான? போயி சொல்லு."

"எழுதிட்டாரா?" நைனா கட்டில் பக்கம் திரும்பிப் பார்த்தார். "வுடு. வீட்டுக்கு வந்தவராண்ட போயி நீ எழுதனது தப்புன்னு சொல்றதா? நல்லாருக்குமா? இன்னா பெரிசா ஆயிடப் போவுது?"

நானும் விட்டுவிட்டேன். அதுதான் இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது. படித்தவள் நான்தானே.

அவர் எழுந்தார். கிளம்பும்போது என்னைப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் மோர் இருந்தா குடும்மா. நம்ம வீட்டு மோர் மாதிரியே இருக்குது" என்றார்.

நல்ல தமிழ். திருத்தணிப் பக்கத்துத் தமிழ். சர்க்கார் வேலையாக வந்திருக்கிறோம், இந்த ஊர்க்காரர்கள் தெலுங்காக இருப்பார்கள் என்று அவர் மரியாதைக்குத் தெலுங்கில் ஆரம்பித்திருக்கிறார். வந்தவர் தெலுங்கு என்று நைனா மரியாதைக்குத் தெலுங்கில் பதில் சொல்லியிருக்கிறார். இரண்டு தமிழர்கள் அரை மணி நேரம் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் உபசரித்ததில் எங்கள் வீடு தெலுங்கு வீடாகிவிட்டது.

நைனாவுக்கும் அது காதில் விழுந்தது. மோர் குடித்தவர் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். அங்கேயும் தெலுங்கில்தான் பேச்சுக் கேட்டது. முதல் வீட்டில் பேசியது அவர் காதில் இருந்ததே.

4

அந்த நோட்டுப் புத்தகத்தை வைத்துத்தான் எல்லை போட்டார்களா என்று எனக்குத் தெரியாது. மேலே எத்தனையோ கணக்குப் பார்த்திருப்பார்கள். எங்கள் வீட்டு மோருக்காக ஒரு ராஜ்யத்தின் எல்லை வளையாது என்று இப்போது புரிகிறது. ஆனால் நைனா அப்படி நினைக்கவில்லை. மூன்று வருஷம் கழித்துத் திருத்தணி மெட்ராஸுக்குப் போனது, நாங்கள் ஆந்திராவிலேயே நின்றோம். எங்கள் ஊருக்கும் தெற்கே இருந்த சிறு குப்பத்துக்கும் நடுவில், வரப்பு ஓரமாகக் கல் நட்டார்கள். அந்தக் கல்லைப் பார்க்கும்போதெல்லாம் அது தன் வாயிலிருந்து விழுந்த கல் என்றே அவர் நினைத்தார்.

எங்கள் நீர்க்கட்டி கன்னியப்பன் அந்தக் குப்பத்துக்காரர். ஏரி எங்கள் பக்கம், அவர் வீடு அந்தப் பக்கம். கல் நட்ட பிறகு வந்த முதல் அறுவடையில் நைனா களத்தில் மேரையை எடுத்து வைத்துவிட்டுக் காத்திருந்தார். கன்னியப்பன் வரவில்லை. இனி அது வேற ராஜ்யம், நீ அங்கே கை நீட்டக் கூடாது என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். வெயில் சாயும்வரை பார்த்தார் நைனா. பிறகு நெல்லைத் துண்டில் கட்டித் தலைமேல் வைத்துக்கொண்டு கல்லைத் தாண்டி நடந்தார். நானும் பின்னால் போனேன்.

கன்னியப்பன் பதறிவிட்டார். "நீங்க ஏன் தூக்கிக்கினு வரீங்க? ஆருனா பாத்தா?"

"பாக்கட்டும். கல்லு நட்டவனுக்கு இன்னா தெரியும், தண்ணி ஆரு பாய்ச்சனதுன்னு" என்றார் நைனா. அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை.

ஆனால் வீட்டுக்கு வந்தால் தனம் இருந்தாள். என்னைவிடப் பதினோரு வயது சின்னவள். பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார் மாற்றலாகிப் போனார், அந்த வகுப்பு அப்படியே நின்றுபோனது. தனம் தெலுங்கு வகுப்பில் உட்கார்ந்தாள். வீட்டில் தமிழில் பேசிக்கொண்டே சிலேட்டில் தெலுங்கு எழுதுவாள். நைனா அந்தச் சிலேட்டைப் பார்க்க மாட்டார். முகத்தைத் திருப்பிக்கொண்டு மாட்டுக்குத் தீனி போடப் போய்விடுவார்.

அடுத்த வருஷம் எனக்குக் கல்யாணம், மாப்பிள்ளை மலாயாவில். மெட்ராஸ் துறைமுகத்துக்கு நைனாவும் தனமும் வந்தார்கள். தனம் என் முந்தானையைப் பிடித்த பிடியை விடவில்லை. நைனா என்னைக் கொஞ்சம் தள்ளி அழைத்துப் போய் மெதுவாகச் சொன்னார்:

"தனத்துக்குத் தமிழ் எழுத்து இல்லாம போனது என்னாலதான். நீ போற எடத்துல இன்னா இன்னா பாஷயோ. எவன் எவனோ காயிதத்த வெச்சிக்கினு கேப்பான். நான் செஞ்ச மாதிரி நீ செய்யாத வேணி. மருவாதி வேற, காயிதம் வேற."

நான் தலையை ஆட்டினேன். அதுதான் நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது.

5

பழைய பாஸ்போர்ட் காலாவதியானபோது வீட்டுக்காரர் புதுப்பிக்கவில்லை. "போகும்போது பாத்துக்கலாம்" என்றார். போகும்போது என்பது ஒரு தந்தியாக வந்தது. நைனா போய்விட்டார். அன்றைக்குத்தான் இந்தியத் தூதரகத்துக்கு ஓடினேன். பழைய பாஸ்போர்ட்டில் பிறந்த இடம் மெட்ராஸ் மாகாணம் என்று இருந்தது. ஊரோ ஆந்திராவில் இருந்தது. பிறந்ததற்கு ஊரிலிருந்து அத்தாட்சி வேண்டும் என்றார்கள். ஊருக்கு எழுதினால் ஆந்திரா பக்கத்தில், பிரிவதற்கு முந்தின காகிதம் எங்களிடம் இல்லை என்றார்கள். மெட்ராஸ் பக்கத்தில், அந்த ஊரே எங்கள் பட்டியலில் இல்லை என்றார்கள். நான் பிறந்தது உண்மை. எங்கே பிறந்தேன் என்பதற்குத்தான் ஆளில்லை.

அழுதேன். ஒரு வருஷம் அழுதேன் என்று சொன்னாலும் பொய் இல்லை. பிறகு மாலதி பிறந்தாள், காலம் ஓடிவிட்டது.

ஆனால் தனத்தின் கடிதம் மட்டும் நிற்கவே இல்லை. நகரியில் விசைத்தறிக்காரர் ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டு, பிள்ளைகள் பெற்று, அத்தனை சண்டையையும் சமாதானத்தையும் எனக்கு எழுதுவாள். ஒரு முறை மாலதி கடிதத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, "அம்மா, சின்னம்மா தெலுங்கா? நீங்கள்லாம் தமிழ்னு சொன்னீங்க?" என்று இங்கிலீஷில் கேட்டாள். அவளுக்கு எழுத்து வட்டம் வட்டமாகத் தெரிந்தது. நான் வாசித்துக் காட்டினேன். "அக்கா, நல்லாகிறியா? இங்க மழயே இல்ல. ஏரி காஞ்சிக்கினு போவுது..." மாலதி விழித்தாள். எழுத்து தெலுங்கு, பேச்சு தமிழ். தனத்துக்குத் தெரிந்த எழுத்தில் தனக்குத் தெரிந்த மொழியை எழுதுகிறாள். தமிழ் தெரிந்தவர்களுக்கு அந்த எழுத்துத் தெரியாது, அந்த எழுத்துத் தெரிந்தவர்களுக்கு அந்தத் தமிழ் புரியாது. இந்த ஈப்போவில் அதை வாசிக்க நான் ஒருத்திதான்.

சத்தமாக வாசித்தால்தான் எனக்கு அதில் தனம் கிடைப்பாள். அடுப்படியில் நின்று சத்தமாக வாசிப்பேன்.

சமீபத்துக் கடிதங்களில் எழுத்து பெரிது பெரிதாகிக்கொண்டே வருகிறது. வரி கோணுகிறது. கடைசிக் கடிதத்தில் ஒரு பக்கத்துக்கு ஐந்தே வரி. இன்னும் ஆறு மாதத்தில் அந்த ஐந்தும் இருக்குமா? இதைத்தான் மாலதி என்னிடம் கேட்டாள். நான் அந்த அதிகாரி முன்னால் நைனா செய்ததையே செய்துவிட்டு வந்து நிற்கிறேன். வேண்டாம் என்று துறைமுகத்தில் நின்று சொல்லி அனுப்பியும், அப்படியே செய்தேன். ரத்தத்தில் ஊறியதை என்ன செய்ய?

6

மேலே எழுதியதை அப்படியே மூடி வைத்துவிட்டேன். ஆறு மாதம் கழித்து இப்போது தொடர்கிறேன்.

மாலதி எனக்கு வாத்தியார் ஆனாள். மலாய் சொல்லித்தர வேண்டியதில்லை, தமிழைக் கேட்டும் மலாயில் பதில் சொல்லப் பழக்க வேண்டும். அதனால் அவள் தமிழில் கேட்பாள், நான் மலாயில் சொல்ல வேண்டும். வேலை முடிந்து வந்ததும் சமையலறையில் உட்கார்ந்து ஆரம்பிப்பாள்.

"அம்மா, உங்களுக்கு எத்தன புள்ள?"

"ஒண்ணு..."

"அம்மா!"

"சாத்து, எஞ்சே." ஒன்று, ஐயா.

இருபத்தெட்டு வயதுவரை தமிழில் முழுசாகப் பத்து வாக்கியம் பேசாத பெண், கேள்வி தீர்ந்துபோனதும் தானாகவே புதுசு புதுசாகக் கேட்க ஆரம்பித்தாள். தாத்தா எப்படி இருப்பார்? சின்னம்மா கறுப்பா சிவப்பா? ஏரி எவ்வளவு பெரிசு? ஆறு மாதம் எங்கள் வீட்டில் தமிழ் பேசியது அவள், மலாய் பேசியது நான். பக்கத்து வீட்டுப் பஞ்சாபிக்காரி எங்களுக்கு என்ன ஆயிற்று என்று ஒரு நாள் விசாரித்துவிட்டுப் போனாள்.

அந்த நாள் வந்தது. அதே அறை, அதே அதிகாரி. என்னைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. "வாங்கம்மா! சாப்டாச்சா?"

எங்கள் ஊர் முழுக்க என் நாக்கு நுனியில் வந்து நின்றது. ஒருவர் என் மொழியில், என்னை நினைத்து, சாப்பிட்டாயா என்று கேட்கிறார். அவர் மொழியில் திருப்பிச் சொன்னால், நீ பேசியது எனக்கு வேண்டாம் என்று முகத்தில் அடித்த மாதிரி இருக்காதா? மருவாதி வேற, காயிதம் வேற என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

"சுடா, எஞ்சே" என்றேன். ஆயிற்று, ஐயா.

அவர் புருவத்தை உயர்த்தினார். கேள்விகள் வந்தன, மலாயில் ஒரு தரம், தமிழில் ஒரு தரம். பழக்கம் அவரையும் விடவில்லை. நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் மலாயிலேயே சொன்னேன். கடைசியில் அந்த அட்டையைத் தூக்கினார்.

"இது என்னா கலரும்மா?"

"மேரா" என்றேன்.

சொன்னதும் எனக்கு நட்ட கல்லும் தெரிந்தது, களத்தில் எடுத்து வைத்த நெல்லும் தெரிந்தது. இந்த நாட்டுக்காரர்களுக்கு அது வெறும் சிவப்பு. எனக்கு அந்த ஒரு வார்த்தையைச் சொல்லி முடிக்க நெடுநேரம் ஆன மாதிரி இருந்தது.

அவர் காகிதத்தில் எழுதினார், முத்திரை குத்தினார், கோப்பை மூடினார். "லூலுஸ்" என்று சிரித்தார். தேறிவிட்டீர்கள் என்று அர்த்தம். நான் கும்பிட்டு எழுந்தேன். கதவு வரைக்கும் நடந்தேன். கதவில் கை வைத்தபோது தாங்கவில்லை. கோப்புதான் மூடியாகிவிட்டதே. திரும்பினேன்.

"துன்னுட்டேன் நைனா. நீ துன்னியா?"

அவர் ஒரு கணம் புரியாமல் பார்த்தார். தோட்டத்தில் அவர் கேட்ட தமிழ் வேறு. பிறகு புரிந்துவிட்டது. எழுந்து நின்றார்.

"இன்னும் இல்லம்மா. இப்பதான் போவணும்."

"போ, மொதல்ல துன்னு" என்றேன்.

வெளியே மாலதி என் முகத்தைப் பார்த்துப் பயந்துவிட்டாள், தோற்றுவிட்டேன் என்று. "இல்லடி, இல்லடி" என்று அவள் தோளில் சாய்ந்துகொண்டேன்.

நீல அட்டை கைக்கு வர இன்னும் சில மாதம் ஆகும், அதற்குப் பிறகு பாஸ்போர்ட். அதெல்லாம் வரட்டும். வீட்டுக்கு வந்ததும் கடிதத்தாள் எடுத்தேன். இத்தனை வருஷம் நான் தனத்துக்குத் தமிழ் எழுத்தில்தான் எழுதினேன். அவள் தெருவில் யாரிடமாவது கொண்டுபோய்ப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்வாள். இந்தக் கடிதம் இன்னொருவர் வாயால் அவளுக்குப் போகக் கூடாது. வாசித்து மட்டுமே பழகிய தெலுங்கு எழுத்துகளை அவள் கடிதத்தைப் பார்த்துப் பார்த்து, அவள் கண்ணுக்குத் தெரிகிற மாதிரிப் பெரிது பெரிதாக எழுதினேன். ஒரு பக்கத்தில் மூன்று வரிதான் பிடித்தது.

"தனம், நீயே படிச்சிக்கோ. டாக்டராண்ட நாள் கேட்டு வெச்சிரு. அக்கா வந்துக்கினே கிறேன்."